கடல் இல்லாத ஊரில் படகு வாங்கினோம்

சுன்னாகத்தில் கடல் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து காங்கேசன்துறை வீதி வழியே ஏறத்தாழ ஆறு மைல் வந்தால், மருதனார்மடத்தை அடுத்து வருவது சுன்னாகம். இங்கே இருப்பவை செம்மண், கிணறு, வாழைத் தோட்டம், மரக்கறிச் சந்தை. விடியற்காலையில் சந்தைக்கு வந்து இறங்கும் வாழைக்குலைகளையும் கத்தரிக்காய் மூட்டைகளையும் பார்ப்பவர்களுக்கு, வடக்கே சில மைல்களுக்கு அப்பால் அலை அடிக்கிறது என்ற நினைவே வராது. அப்படிப்பட்ட ஊரிலேதான் கடற்கரையில் பிறந்த நான் என் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தேன். கடைசியில் எங்கள் படகையும் இங்கேதான் வாங்கினேன். அந்த அனுபவத்தை உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். படகுதான் என்றில்லை, தையல் இயந்திரமோ நீரிறைக்கும் இயந்திரமோ வாங்கப் போகும் சகோதரிகளுக்கும் இது பயன்படக்கூடும்.

எனது ஊர் மயிலிட்டி. 1990 ஆம் ஆண்டு யூன் மாதம் 15 ஆம் திகதி, உடுத்த உடுப்போடு ஊரை விட்டு வெளிக்கிட்டோம். இரண்டு மூன்று நாளில் திரும்பலாம் என்றே எல்லோரும் நினைத்தோம். வலைகள் வாடியிலே கிடந்தன. வள்ளங்கள் கரையிலே கிடந்தன. சுன்னாகத்தில் முகாம் வாழ்க்கை தொடங்கியது. மகன் பிறந்ததும் அங்கேதான். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது நாங்களும் போய், மறுவருடம் திரும்பவும் சுன்னாகத்திற்கே வந்தோம். 1997 இல் என் கணவரை இழந்தேன். எப்படி என்பதை இங்கே எழுதப் போவதில்லை. இதை வாசிக்கும் உங்களில் பலரிடமும் அப்படி ஒரு கதை உண்டு. அதன் பிறகு தோட்டக் கூலிக்குப் போயும், சந்தையில் மீன் விற்றும் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தேன். மகனுக்குக் கடல் என்பது அம்மம்மா சொல்லும் கதையாகத்தான் இருந்தது.

2017 யூலை 3 ஆம் திகதி மயிலிட்டித் துறைமுகத்தையும் அதை அண்டிய 54 ஏக்கர் நிலத்தையும் விடுவித்தார்கள். 27 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கரையை மிதித்தோம். வீட்டின் அத்திவாரத்தைத் தேடவே அரை நாள் சென்றது. பற்றைக்குள் கிணற்றுக்கட்டை மட்டும் கண்டுபிடித்தேன். மகனோ வீட்டைத் தேடவில்லை. கடலைப் பார்த்தபடியே நின்றான். திரும்பி வரும்போது, "அம்மா, நான் மாமாவோடை தொழிலுக்குப் போகப் போறன்" என்றான்.

தொழிலுக்குப் போவதென்றால் படகு வேண்டும். கூலிக்குப் போனால் பாட்டில் ஒரு பங்குதான் கிடைக்கும். சொந்தப் படகு என்றால் குடும்பம் நிமிரும். என்னிடம் இருந்தவை சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம், மாதர் சங்கத்தில் எடுக்கக்கூடிய கடன், இரண்டு சோடிக் காப்பு. இதில் பிழை விட்டால் இன்னொரு முறை முயல வழியில்லை என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் ஒருமுறை பிழை விட்டிருந்தேன்.

அது 2011 இல் நடந்தது. என் தம்பி அப்போது வடமராட்சியில் உறவினர் ஒருவரின் துறையில் தொழில் செய்தான். அவனுக்காக நகைகளை அடகு வைத்து, ஒரு கடையில் பழைய இயந்திரம் ஒன்றை மலிவாக வாங்கிக் கொடுத்தேன். பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் இரவு நடுக்கடலில் சூடேறி இறுகி நின்றுவிட்டது. விடியும்வரை தம்பி நீரோட்டத்தோடு இழுபட்டுப் போனான். காலையில் வேறு படகுக்காரர் கண்டு கட்டி இழுத்து வந்தார்கள். இயந்திரத்தைக் குளிர்விக்கக் கடல்நீரை உறிஞ்சும் சிறிய றப்பர்ச் சில்லு சிதைந்திருந்ததுதான் காரணம். விற்றவர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை. கடைக்குப் போய்க் கேட்டபோது, "கடலுக்குள்ளை நடந்ததுக்கு நாங்கள் பொறுப்பில்லை அக்கா. பில் இருந்தாக் கொண்டு வாங்கோ" என்றார்கள். பில் அவர்கள் தரவே இல்லை, நானும் கேட்கவில்லை. நகை மீளவில்லை. அதைவிட, அந்த இரவு முழுவதும் கரையில் விழித்திருந்தது இன்றும் என் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

ஆகவே இம்முறை படகு தேடுவதற்கு முன் ஆளைத் தேடுவது என்று முடிவெடுத்தேன். படகை ஒருநாள் வாங்குகிறோம். விற்றவரோடு பல வருடம் பழக வேண்டியிருக்கிறது. மகள் ஒரு கொப்பியில் ஐந்து கேள்விகள் எழுதித் தந்தாள். உதிரிப்பாகங்கள் கடையில் இருக்கின்றனவா, கொழும்பில் இருந்து வர வேண்டுமா? பழுதுபட்டால் மெக்கானிக் கரைக்கு வருவாரா? உத்தரவாதத்தை எழுத்தில் தருவார்களா, அதில் எவை அடங்கும்? பில்லில் இயந்திர இலக்கத்தை எழுதுவார்களா? முன்பு வாங்கிய இரண்டு பேரை விசாரிக்க விடுவார்களா? அந்தக் கொப்பியோடு 2018 தைப் பொங்கல் கழிந்ததும் புறப்பட்டோம்.

முதலில் யாழ்ப்பாண நகரம். புகையிரதம் 2015 தொடக்கம் மீண்டும் காங்கேசன்துறை வரை ஓடுவதால் சுன்னாகம் நிலையத்தில் ஏறிப் போனோம். நாங்கள் போன கடை பெரியது, குளிரூட்டிய அறை. மகனுக்குச் சோடா கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள்; ஆனால் என்னோடு கதைக்கவில்லை. "அம்மா இருங்கோ, நாங்கள் தம்பியோடை கதைக்கிறம்" என்றார் விற்பனையாளர். நாங்கள் நினைத்திருந்தது 18 அடிப் படகு. அதற்கு 15 குதிரை வலு இயந்திரம் போதும் என்று தம்பி சொல்லியிருந்தான். அவரோ 25 குதிரை வலு எடுக்கச் சொன்னார். "பறக்கும் தம்பி!" என்றார். மகனின் கண் விரிந்ததைக் கண்டேன். வலு கூடினால் எண்ணெய்ச் செலவும் கூடும், படகின் பின்பலகைக்கும் பாரம் என்று நான் சொன்னபோது அவர் சிரித்தார். உதிரிப்பாகம் பற்றிக் கேட்டேன். "ஓடர் குடுத்தா வரும்." எத்தனை நாளில்? "வரும் அம்மா." தவணைப் பத்திரம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. கீழே கையெழுத்து வைக்கும் இடத்தை மட்டும் காட்டினார்கள். கொப்பியை மூடிக்கொண்டு எழுந்து வந்தேன். மகன் ஒரு சொல்லும் பேசாமல் வந்தான்; அவனுக்குக் கோபம்.

இரண்டாவது பயணம் காரைநகர்ப் பக்கம். சண்டிலிப்பாயால் போய், பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலைத் தாண்டினால் கடலுக்கு நடுவே பாலம். இரு பக்கமும் ஆழமில்லாத நீர், ஆங்காங்கே களங்கண்டித் தடிகள், அவற்றின்மேல் கொக்குகள். காரைநகர் என்றதும் வயதானவர்களுக்குச் 'சீநோர்' நினைவுக்கு வரும். 1956 இல் நோர்வேக்குப் போன அந்தோனி இராஜேந்திரம் என்ற யாழ்ப்பாணத்தவர், நோர்வே மக்களின் உதவியைத் திரட்டி 1960களின் பிற்பகுதியில் தொடக்கிய நிறுவனம் அது. கண்ணாடியிழைப் படகு கட்டும் தொழிலை எம்மவர் பலர் அங்கேதான் பழகினார்கள். போர் அந்தத் தளத்தையும் முடக்கியது. ஆனால் கை பழகிய தொழில் அழிந்து போகவில்லை. நாங்கள் தேடிப்போன சிறிய படகுத் தளத்தின் முதியவரும் அப்படிப் பழகிய ஒருவரிடம் தொழில் கற்றவர்தான்.

அவர் எதையும் விற்க அவசரப்படவில்லை. முதலில் படகைப் பார்க்கச் சொல்லித் தந்தார். விரல் மொழியால் படகின் உடலைத் தட்டிக்கொண்டே போகச் சொன்னார். எல்லா இடமும் ஒரே மாதிரிக் கணீரென்று கேட்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமாக இருந்தால் உள்ளே படைகள் ஒட்டாமல் காற்று நிற்கிறது என்று அர்த்தம். இயந்திரம் பூட்டும் பின்பலகைக்குள்ளே மரப்பலகை இருக்கும். ஆணி துளைத்த இடங்களை நன்றாக அடைக்காவிட்டால் நீர் ஊறிப் பலகை உக்கிவிடும். "எந்தக் கரையிலை இழுப்பியள் பிள்ளை?" என்று கேட்டார். மயிலிட்டி என்றேன். "அது கல்லுக்கரை எல்லே. அடிப்பக்கத்துக்கு ரண்டு படை கூடப் போட வேணும்" என்றார். என் ஊரின் கரை எப்படி என்று இத்தனை வருடம் கழித்து ஒருவர் என்னிடம் சொன்னது மனதுக்கு இதமாக இருந்தது.

கொப்பியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவரே ஒரு வழியும் காட்டினார். "படகு உடைஞ்சா ஒரு கிழமை பொறுக்கலாம். இஞ்சின் நிண்டா ஒரு நாளும் பொறுக்கேலாது. அதாலை இஞ்சினைத் தூரத்திலை வாங்காதேங்கோ. உங்கடை சுன்னாகத்திலையே ஒருத்தர் இருக்கிறார். என்னட்டைப் படகு எடுத்து, இஞ்சின் பூட்டிக் குடுக்கிறவர்."

ஊரெல்லாம் சுற்றிவிட்டுப் பார்த்தால், அந்தக் கடையின் முன்னால் நான் ஆயிரம் தடவை நடந்து போயிருக்கிறேன். வாசலில் எப்போதும் தோட்டக்காரரின் நீரிறைக்கும் இயந்திரங்கள் குவிந்து கிடக்கும். படகு இயந்திரமும் விற்கிறார் என்பது தெரியாது. கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். அவருடைய மனைவி கணக்கு எழுதுகிறார். கடைக்காரர் கேட்ட முதற்கேள்வி விலையைப் பற்றியதல்ல. எத்தனை பேர் போவீர்கள், என்ன வலை, எவ்வளவு தூரம், ஒரு நாளைக்கு எவ்வளவு மண்ணெண்ணெய் பொறுக்கும், எவ்வளவு கடன் என்று ஒவ்வொன்றாக என்னிடம் கேட்டார், மகனிடமும் கேட்டார். 15 குதிரை வலு போதும் என்றார். உதிரிப்பாகம் பற்றிக் கேட்டபோது அலுமாரியைத் திறந்து காட்டினார். அந்த றப்பர்ச் சில்லு மட்டும் ஏழெட்டு இருந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். 2011 இல் என் காப்புகளைத் தின்றது இந்தச் சின்னப் பொருள்தான்.

விலை நகரத்துக் கடையைவிட 18,000 ரூபா கூட. தயங்கினேன். அவர் வற்புறுத்தவில்லை. "இண்டைக்குக் காசு தர வேண்டாம் பிள்ளை. மாதகலிலை என்னட்டை வாங்கினவை இருக்கினம். போய் விசாரிச்சுப்போட்டு வாங்கோ" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதகலுக்குப் போனோம். ஒருவர் புகழ்ந்தார். இன்னொருவர் குறை சொன்னார்: ஒருமுறை திருத்த வருகிறேன் என்றவர் இரண்டு நாள் பிந்தித்தான் வந்தாராம். "பிறகு?" என்று கேட்டேன். "பிந்தி வந்தாலும் தன்ரை பழைய இஞ்சின் ஒண்டைக் கொண்டு வந்து பூட்டிப்போட்டுத்தான் என்ரையைக் கழட்டிக்கொண்டு போனவர். எனக்குத் தொழில் நிக்கேல்லை" என்றார். புகழ்ச்சியைவிட அந்தக் குறைதான் என்னை முடிவெடுக்க வைத்தது. பிழை விடாத கடை இல்லை. விட்ட பிழைக்கு முகம் கொடுக்கும் கடைதான் வேண்டும். 18,000 ரூபா அதற்கான விலை என்று எண்ணிக்கொண்டேன்.

பணம் கட்டும்போது கடைக்காரரின் மனைவி பேனாவை எடுத்து, "பில் ஆற்றை பேரிலை எழுதிறது அக்கா?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை அதுவரை எவரும் என்னிடம் கேட்டதில்லை. தம்பி முந்திக்கொண்டு, "கடலுக்குப் போறவன்ரை பேரிலை இருக்கட்டும் அக்கா" என்றான். நான் சொன்னேன்: "கடன் என்ரை பேரிலை. படகும் என்ரை பேரிலை இருக்கட்டும்." சிறிது நேரம் எவரும் பேசவில்லை. மகன்தான், "அம்மாவின்ரை பேரிலை எழுதுங்கோ" என்றான்.

இது சின்ன விடயம் அல்ல. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின்படி மீன்பிடிப் படகுகளைத் திணைக்களத்தில் பதிய வேண்டும். வாங்கிய பில்லில் இருக்கும் பெயரும் இயந்திர இலக்கமும் அங்கே தேவைப்படும். நாளை ஒரு நட்டஈடு, ஒரு காப்புறுதி, ஒரு நிவாரணம் என்று வந்தால் பதிவில் இருக்கும் பெயரைத்தான் கேட்பார்கள். கணவரின் பெயரில் இருந்தவற்றுக்கு அத்தாட்சி தேடி அலுவலகம் அலுவலகமாக நாம் அலைந்த அலைச்சல் போதாதா? கடற்றொழில் பரிசோதகர் வந்து பார்த்துப் பதிந்தபோது உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

படகைக் கையளிப்பதற்கு முன் கடைக்காரர் தன் வளவில் ஒரு பெரிய பீப்பாவில் நீர் நிரப்பி இயந்திரத்தை ஓட விட்டார். "கடலுக்குப் போறவை மட்டும் பழகினாப் போதாது. வீட்டிலை இருக்கிறவைக்கும் தெரிய வேணும்" என்று என்னையும் மகளையும் கிட்டக் கூப்பிட்டார். பெற்றோலில் தொடக்கி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்த முன் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றி ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த நாள் தொடங்காது. முதற் பத்து மணித்தியாலம் முழு வேகத்தில் ஓடக்கூடாது. கடலால் வந்ததும் நல்ல தண்ணீரில் ஓட்டி உப்பைக் கழுவ வேண்டும். கியர் எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு இயந்திரத்தின் பின்னால் மெல்லிய தாரையாக நீர் பீச்சுவதைக் காட்டினார். "இந்தத் தண்ணி வருதோ எண்டு முதலிலை பாருங்கோ. வராட்டி உடனை நிப்பாட்டிப் போடுங்கோ." அந்தத் தாரையில் கையை நீட்டினேன். அந்த இரவு என் தம்பிக்கு இதை ஒருவர் சொல்லிக் கொடுத்திருந்தால்! கண் கலங்கியதை மறைக்க மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

சித்திரை மாதத்தில் ஒரு காலை, சிறிய லொறி ஒன்றில் படகை ஏற்றினோம். மல்லாகம், தெல்லிப்பழை என்று காங்கேசன்துறை வீதியால் படகு போனபோது சந்தைக்குப் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எங்களோடு முகாமில் இருந்த ஒரு பெரியம்மா வாசலுக்கு வந்து படகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முதல் நாள் பாடு பெரிதில்லை. கொஞ்சச் சூடையும் நாலைந்து பாரையும்தான். ஆனால் அன்று நான் சுன்னாகம் சந்தையில் விற்றது எங்கள் படகு பிடித்த மீன்.

ஏழெட்டு வருடங்கள் கடந்துவிட்டன. எல்லாம் சுகமாகப் போனது என்று சொல்ல மாட்டேன். இழுவைப் படகுகள் எங்கள் வலையை இரண்டு தடவை அறுத்துக்கொண்டு போயின. 2022 இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். அந்த ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது. பல வாரங்கள் படகு கரையில் கிடந்தது. இறக்குமதியும் சுருங்கியதால் உதிரிப்பாகம் கிடைக்காமல் பலருடைய இயந்திரங்கள் சும்மா கிடந்தன. எங்கள் இயந்திரத்தின் நீர்த்தாரை மெலிந்த அன்று மகன் தொலைபேசியில் சொன்னான். அடுத்த நாள் கடைக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அலுமாரியில் இருந்த சில்லு ஒன்று அவர் பையில் இருந்தது. அதன் காசை ஒரு மாதம் கழித்துத்தான் கொடுத்தேன். 18,000 ரூபாவைப் பற்றி அன்றைக்குப் பிறகு நான் நினைத்ததில்லை.

சகோதரிகளே, நாங்கள் ஆண்துணை இல்லாமல் கடைக்குப் போகும்போது, எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். உங்களோடு கதைக்காமல் கூட வந்தவரோடு கதைப்பவர், பழுது வந்த பிறகும் உங்களோடு கதைக்க மாட்டார். விளங்காத மொழியில் உள்ள பத்திரத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிப்பித்துப் பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள். அதை உங்கள் பெயரில் வாங்குங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். 1977 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியிலும் சொல்லலாம். 2011 இல் இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இன்றும் காலையில் படகு புறப்படும்போது நான் கரையில் நிற்பேன். மகன் இயந்திரத்தைத் தொடக்கியதும் பின்னால் குனிந்து பார்ப்பான். பிறகு என்னைப் பார்த்துக் கையை உயர்த்துவான். தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். அதைக் கண்ட பிறகுதான் சுன்னாகம் போகும் பஸ்ஸுக்கு நடப்பேன்.